மூடியிருந்த பதினேழு நாட்கள்

சோக்கு கம்பெனி என்று சொன்னால்தான் ஒரகடம் பக்கத்தில் அப்போது எல்லோருக்கும் தெரியும். வாசல் பலகையில் நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. அதை எந்த பஸ் கண்டக்டரும் உச்சரித்ததில்லை. டியூப்லைட்டுக்கு மாட்டும் சோக்கு அங்கே தயாரானது. நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றுவார்கள். சுற்றியதை இரும்புத் தகடுகளோடு சேர்த்து வார்னிஷில் முக்கிக் காயவைப்பார்கள். அந்த வாசனை புடவையில் ஏறிக்கொண்டு வீடுவரை கூடவே வரும். அங்கே வேலை பார்த்த நாளெல்லாம் லூர்தம்மாளுக்கு அது பிடிக்காது. இப்போது மகள் சத்யப்பிரியாவின் ஸ்கூட்டரில் போகும்போது, வழியில் யாராவது கட்டிலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தால், "கொஞ்சம் மெதுவா போம்மா" என்கிறாள். மகளுக்குக் காரணம் தெரியாது. சொன்னால் 1991-இலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த வருஷம் லூர்தம்மாளுக்கு இருபத்து மூன்று வயது. வடக்குப்பட்டில் வீடு. அப்பா அப்பாவு வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். வாலாஜாபாத்திலேயே ஓர் இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்த லூர்தம்மாளை, கம்பெனியின் டைம் ஆபீஸில் டைப்பிஸ்டாக எடுத்திருந்தார்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்த ஷிப்ட், யார் லீவு என்பதையெல்லாம் மாதக் கடைசியில் மஸ்டர் ரோலில் ஏற்றுவது அவள் வேலை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முப்பத்தொரு கட்டம். வந்தால் 'பி', வராவிட்டால் 'ஏ'. கம்பெனியே மூடியிருந்தால் 'சி'.

ஆபீஸில் அவள் ஒருத்திதான் பெண். அதனால் ஒரு மணி சங்கு ஊதியதும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வைண்டிங் லைனுக்குப் போய்விடுவாள். பாக்கிங் அட்டைகளைத் தரையில் விரித்து எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்காருவார்கள். சரோஜாவின் கருவாட்டுக் குழம்பு ஒரு கைக்கு ஒரு துளியாக வட்டம் சுற்றும். யார் வீட்டில் என்ன சண்டை, யாருக்குப் பெண் பார்க்க வந்தார்கள், எல்லாம் அந்த அரை மணிக்குள் பேசித் தீர்ந்துவிடும். லூர்தம்மாள் பிறகு எத்தனையோ ஆபீஸ்களில் வேலை பார்த்தாள். மேஜை போட்ட கேன்டீனில், விசிறிக்குக் கீழே சாப்பிட்டாள். அந்த அட்டைமேல் சாப்பிட்ட ருசி எங்கேயும் கிடைக்கவில்லை.

அந்த வட்டத்தில் அவளுக்கு நெருக்கம் மரகதம். மூன்று வயது மூத்தவள், விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வாலாஜாபாத்துக்கு இந்தப் பக்கம் இருந்த கிராமத்தில் பஸ் ஏறி, லூர்தம்மாளுக்கு இடம் பிடித்துவைப்பாள். தொண்ணூறாம் வருஷம் பிப்ரவரியில் ஒரே வாரத்தில் டெம்பரரியாகச் சேர்ந்த ஆறு பெண்களில் மரகதமும் சரோஜாவும் இருந்தார்கள். அதே வாரத்தில்தான் லூர்தம்மாளும் சேர்ந்தாள். மரகதத்தின் தங்கை மஞ்சுளா பத்தாவது முடித்துவிட்டு வீட்டிலிருந்தாள். கம்பெனியில் இரண்டாவது லைன் போடப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. போட்டால் மஞ்சுளாவையும் சேர்த்துவிடலாம் என்று மரகதம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள்.

அந்த மே மாதம் இருபத்தொன்றாம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது ஊருக்கும் உலகத்துக்கும் தெரியும். மறுநாள் காலையில் வடக்குப்பட்டில் பஸ் வரவில்லை. சாலையில் போலீஸ் ஜீப்புகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. அப்பாவு மகளை வாசலைத் தாண்டவிடவில்லை. மரகதத்தின் ஊருக்கு அந்தச் செய்தி அரைகுறையாகத்தான் போயிருந்தது. பஸ் இல்லை என்றதும், அவள் புருஷன் ரகுபதி சைக்கிளில் உட்காரவைத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்துக் கொண்டுவந்து விட்டான். கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. கம்பெனிக்குள்ளேயே ஓர் அறையில் தங்கியிருந்த மேனேஜர் பாண்டுரங்கன் வெளியே வந்து, கம்பி வழியாக ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, "இன்னிக்கி கம்பெனி இல்லம்மா, பத்திரமா வூடு போய்ச் சேருங்க" என்று திருப்பியனுப்பினார். ஆறு வேலை நாட்கள் கேட் திறக்கவில்லை.

ஜூலையில் மறுபடி மூடினார்கள். சோக்குக்கு வேண்டிய தகடு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். நாட்டில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடு, இறக்குமதிக்கெல்லாம் கட்டுப்பாடு. சரக்கு வராமல் பதினொரு நாள் லைன் ஓடவில்லை. அந்த ஆறும் இந்தப் பதினொன்றுமாக ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பதினேழு கட்டங்களில் லூர்தம்மாள் 'சி' அடித்தாள். அடிக்கும்போது அதைப்பற்றி அவள் எதுவும் நினைக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் பாண்டுரங்கன் அறையில் டெலிபோன் ஓயாமல் அடித்தது. கம்பெனியின் ஹெட் ஆபீஸ் புனாவில் இருந்தது. பாண்டுரங்கன் பிறந்தது ஆரணியில். இருபது வருஷம் புனாவில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். போனில் இந்தியிலும் இங்கிலீஷிலும் பொறுமையாகப் பேசுவார், வைத்துவிட்டுத் தமிழில் பெருமூச்சு விடுவார். அன்று மூன்றாவது தடவை வைத்ததும் லூர்தம்மாளைக் கூப்பிட்டார்.

"தொண்ணூறு பிப்ரவரியில சேந்த ஆறு பேருக்கும் எத்தனை நாள் ஆச்சுன்னு கூட்டும்மா."

அவள் கூட்டி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள். வந்த நாட்களை மட்டும் எண்ணினால் ஆறு பேரும் நானூற்று அறுபத்து நாலுக்கும் நானூற்று எழுபதுக்கும் நடுவில் இருந்தார்கள். மரகதத்துக்கு நானூற்று அறுபத்தெட்டு.

"இன்னா சார் இதுல?" என்றாள்.

பாண்டுரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு வருஷத்துக்குள்ள நானூத்தி எண்பது நாள் சர்வீஸ் ஆச்சுன்னா பர்மனென்ட் பண்ணியே தீரணும்னு ஒரு சட்டம் கீது. டில்லி போட்டது இல்ல. நம்ம மாநிலம் போட்டது. தொழிலாளர் விஷயத்துல அவங்களும் சட்டம் போடலாம், இவங்களும் போடலாம். புனாக்காரனுக்கு இது தலைக்குள்ளயே போவல. ஒரே நாட்டுல அங்க ஒரு சட்டம், இங்க ஒரு சட்டமான்னு கேக்குறான். இத்தினி நாள் நீ ஏன் சொல்லலைன்னு என்னைக் கேக்குறான். எனக்கே மெட்ராஸ் வக்கீல் சொல்லித்தான் தெரியும்."

"அப்ப அவங்களுக்கு பர்மனென்ட் வருமா சார்?"

 வக்கீலின் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆறு பேரையும் வருகிற சனிக்கிழமையோடு நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. ஆனால் தொழிலாளியின் தப்பு இல்லாமல் கம்பெனி மூடியிருந்தால் அந்த நாட்களும் சர்வீஸில் சேரும் என்று வக்கீல் எழுதியிருக்கிறார். பதினேழைச் சேர்த்தால் ஆறு பேருமே ஏற்கெனவே தாண்டிவிட்டார்கள். அதனால் மே, ஜூலை இரண்டு மாத மஸ்டரையும் புனா அனுப்பிய அச்சுப் பாரத்தில் புதிதாக அடிக்க வேண்டும். அந்த பாரத்தில் 'சி' கிடையாது. 'பி', 'ஏ' இரண்டுதான்.

"மூடியிருந்த நாளுக்கு என்ன சார் அடிக்கிறது?"

"ஏ," என்றார் பாண்டுரங்கன். கொஞ்சம் கழித்து, "உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி நான் தனியா எழுதறேன். அதுக்கு அவங்க ஒத்துக்குவாங்க" என்றும் சொன்னார்.

அன்று மாலை பஸ்ஸில் மரகதம் வழக்கம்போலத் தன் பக்கத்தில் இடம் வைத்திருந்தாள். ஒரகடம் கூட்டுரோடு தாண்டியதும் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வேர்க்கடலை.

"இன்னா லூர்து, மூஞ்சி ஒரு மாதிரி கீது? மேனேஜரு திட்டினாரா?"

"இல்லக்கா. தலவலி."

"ரெண்டாவது லைன் பத்தி எதுனா பேசிக்கினாங்களா ஆபீஸ்ல? மஞ்சு தெனம் கேட்டுகினே கீறா."

லூர்தம்மாள் ஒரு கடலையை எடுத்து உடைத்தாள். தின்னாமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள். பர்மனென்ட் என்ற சொல் அவள் வீட்டில் யாருக்கும் சொந்தமாக இருந்ததில்லை. அப்பா இருபது வருஷமாகத் தைக்கும் மில்லில், ஒரு நாள் காய்ச்சல் வந்தால் மறுநாள் போய் முதலாளி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் இரண்டு மாதப் பக்கங்களைத் திரும்ப அடித்துக் கொடுத்தால் போதும். விரல் பழகிய வேலை, ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு நாள் அவள் அந்த பாரத்தைத் தொடாமல் வேறு வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு நாளும் பஸ்ஸில் மரகதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை பாண்டுரங்கன் கேட்டேவிட்டார். "முடிஞ்சுதாம்மா?"

அவள் எழுந்து நின்றாள். 

"சார், மே இருபத்திரண்டாம் தேதி மரகதக்கா வந்தாங்க. சைக்கிள்ல வந்து, கேட்டுகிட்ட நின்னுட்டுப் போனாங்க. நீங்கதான் தண்ணி குடுத்தீங்க. வரலைன்னு நான் எப்டி சார் அடிக்கிறது?"

அவர் அவளையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. "சரி, வெய்யி" என்று சொல்லி பாரத்தைத் தானே எடுத்துக்கொண்டார். பெண்கள் எல்லோரும் லைனில் இருந்த நேரம். அவளை நகர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்து மெஷினில் பேப்பரைச் செருகினார். அவருக்கு இரண்டு விரல்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடித் தட்டினார். அவள் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பெயர், இரண்டாவது பெயர். மூன்றாவதாக மரகதத்தின் பெயரை அடித்தார். ஒன்று முதல் இருபத்தொன்று வரைக்கும் 'பி'யும் விடுமுறைக் கோடுமாகப் போனது. இருபத்திரண்டாம் கட்டத்தில் விரல் நின்றது.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று லூர்தம்மாளுக்கு நினைவில்லை. லைனில் கம்பி சுற்றும் மெஷின்களின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு பேப்பரை உருவி நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு அன்னிக்கி சொம்பைக் கழுவிக் குடுத்துட்டுப் போச்சும்மா," என்றார்.  எழுந்து அவளுக்கு இடம் விட்டார். "ஒரு லெட்டர் அடி. தொழிற்சாலை ஆய்வாளருக்கு. கம்பெனி மூடியிருந்த பதினேழு நாளை சர்வீஸ்ல சேக்கணுமா வேணாமான்னு விளக்கம் கேட்டு. கேக்காமலே நிறுத்திட்டா நாளைக்கு கேஸ் வரும், அதனால கேட்டேன்னு புனாவுக்குச் சொல்லிக்கிறேன். பதில் வர்ற வரைக்கும் யாரையும் நிறுத்த வேணாம்."

பதில் கடிதமாக வரவில்லை. பத்து நாள் கழித்து ஆய்வாளரே வந்தார். தணிகாசலம் என்று பெயர், ஒல்லியான மனிதர், வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மோர் கொடுத்ததைக் குடித்துவிட்டு மஸ்டரைக் கேட்டார். லூர்தம்மாள் தான் அடித்த பழைய மஸ்டரைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாகப் போனார்.

"இது இன்னா, சி?"

"மூடியிருந்த நாள் சார்."

"மூடினது யாரு? இவங்களா?"

"இல்ல சார்," என்றார் பாண்டுரங்கன். "மே மாசம் ஊர் நிலவரம். ஜூலையில சரக்கு வரல."

"அப்ப அவங்க தப்பு இன்னா கீது இதுல? சர்வீஸ்லதான் சேரும். ஆறு பேரும் தாண்டிட்டாங்க. ஆர்டர் குடுத்துடுங்க." பேனாவை மூடப்போனவர் நிறுத்தினார். "இவ்ளோ ஒழுங்கா மஸ்டர் அடிச்சிருக்கிறது யாரு?"

"இந்தப் பொண்ணுதான்."

"ஏம்மா, உன் பேரு இதுல காணோமே?"

லூர்தம்மாளுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. ஆபீஸ்காரர்களுக்குத் தனி நோட்டு. அதில் அவள் கையெழுத்து மட்டும் போடுவாள். யாரும் அதை மாதக் கடைசியில் கூட்டியதில்லை. தணிகாசலம் அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, பின்பக்க அட்டையில் பென்சிலால் மாதம் மாதமாகக் கூட்டினார். மூடியிருந்த நாட்களைச் சேர்க்காமலே நானூற்றுத் தொண்ணூற்றொன்று. மற்றவர்கள் வராத சில ஞாயிற்றுக்கிழமைகளில்கூட, மஸ்டர் முடிக்க அவள் வந்திருந்தாள்.

"ஆபீஸ் வேலைன்னா இந்தச் சட்டம் விட்டுடாது. டைப் அடிக்கிறவங்களுக்கும் உண்டு," என்றார் அவர். "அடுத்தவங்க நாளையெல்லாம் எண்ணிகினு இருந்திருக்கிறியே, உன் நாளை எண்ண மாட்டியாம்மா?"

பாண்டுரங்கன் தலையைக் குனிந்துகொண்டார். தனக்கு அவர் ஆசைகாட்டியது ஏற்கெனவே தன்னுடையதுதான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அவள் அவர்மேல் கோபப்பட முயன்றாள், முடியவில்லை.

அக்டோபர் மாதம் ஏழு பர்மனென்ட் ஆர்டர்கள் தயாராயின. ஏழையும் அடித்தது லூர்தம்மாள்தான். தன் பெயரை அடிக்கும்போது இரண்டு இடத்தில் தப்பு வந்து ரப்பர் வைத்து அழித்தாள். அன்று ஒரு மணிக்கு அட்டைமேல் உட்கார்ந்தபோது மரகதம் காகிதத்தை வாங்கி, படிக்காமல், ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். சரோஜா அழுதாள். யாரோ மூடிக்கிடந்த சாராயக் கடைக்கு எதிரே இருந்த மிட்டாய்க் கடையிலிருந்து மைசூர்பாகு வாங்கிவந்தார்கள். வாட்ச்மேன் தாவீதுக்கு இரண்டு துண்டு போனது. "எனக்கும் கணக்குப் பாத்து சொல்லேன் லூர்து," என்று அவர் கேட்டார். அவருடைய நாட்களையும் கூட்டினாள். அவர் வேறு ஒரு காண்டிராக்டர் பெயரில் இருந்ததால் அந்தக் கூட்டல் எங்கும் போய்ச் சேரவில்லை.

எல்லாம் நல்லதாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. நவம்பரில் புனாவிலிருந்து இரண்டு பேர் வந்து காம்பவுண்டுக்குள் நடந்து பார்த்தார்கள். இரண்டாவது லைனுக்காக விட்டிருந்த காலி இடத்தில் நின்று வெகுநேரம் பேசினார்கள். டிசம்பரில் முடிவு தெரிந்தது. புது லைன் இங்கே இல்லை. ஆந்திர எல்லையைத் தாண்டித் தடா பக்கம் போடுகிறார்கள். அங்கே இந்த நானூற்று எண்பது நாள் சட்டம் கிடையாது. இரண்டு மணி நேரப் பயண தூரம்தான். ஆனால் வேறு சட்டமன்றம். டில்லியில் தொழில் லைசென்ஸே வேண்டாம் என்று அந்த வருஷம் சொல்லிவிட்டதால், எங்கே போடலாம் என்று அவர்கள் யாரையும் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. பாண்டுரங்கனையும் அங்கேயே மாற்றினார்கள். மேனேஜராக அல்ல, ஸ்டோர்ஸுக்கு.

செய்தியை மரகதத்திடம் சொல்ல லூர்தம்மாளுக்கு இந்தத் தடவை இரண்டு நாள் ஆகவில்லை. அன்றைக்கே பஸ்ஸில் சொன்னாள்.

"அப்ப மஞ்சுவுக்கு?" என்றாள் மரகதம்.

"இல்லக்கா."

மரகதம் அவள் பக்கம் திரும்பினாள். "எனக்குக் குடுத்தத அவகிட்டருந்து புடுங்கினாங்களா?" என்று கேட்டாள். பிறகு தானே, "நீ இன்னா பண்ணுவ. நீ பொய் அடிக்கல, அவ்ளோதான்" என்றாள். ஆனால் அடுத்த ஒரு வாரம் அவள் பேச்சில் ஏதோ குறைந்திருந்தது. லூர்தம்மாள் அதைக் கேட்டுச் சரிசெய்ய முயலவில்லை. தானாகவே சரியாகட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனது. மஞ்சுளா காஞ்சிபுரத்தில் ஒரு துணிக்கடையில் சேர்ந்து, நெடுநாள் நின்றுகொண்டே வேலை பார்த்தாள்.

பாண்டுரங்கன் கிளம்பிய நாள் சனிக்கிழமை. வழியனுப்பு விழா எதுவும் வைக்கவில்லை. வைத்தால் புனாவுக்குத் தெரிந்துவிடும் என்று அவரே வேண்டாம் என்றுவிட்டார். ஒரு மணி சங்கு ஊதியபோது ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வைண்டிங் லைனுக்கு வந்து நின்றார். அத்தனை வருஷத்தில் மேனேஜர் யாரும் அந்த நேரத்தில் அங்கே வந்ததில்லை. பெண்கள் எழுந்துகொள்ளப் பார்த்தார்கள். அவர் கையமர்த்தினார்.

"எடம் இருந்தா நானும் ஒக்காரலாமா?"

சரோஜா நகர்ந்து அட்டையில் இடம் விட்டாள். அவர் பேன்ட் கசங்க, சிரமப்பட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மரகதம் தன் டப்பாவிலிருந்து சோறும் முருங்கைக்கீரையும் எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.  பிறகு சரோஜா தன் மாமியாரைப்பற்றி ஆரம்பித்தாள், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆரணியில் தன் அக்கா இதே மாதிரிதான் கீரை கடைவாள் என்று சொன்னார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

லூர்தம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. பின்னால் அந்தக் கம்பெனியில் இன்னும் பதினான்கு வருஷம் இருந்தாள். கல்யாணம், சத்யப்பிரியா பிறந்தது, எலக்ட்ரானிக் சோக்கு வந்து பழைய சோக்கை யாரும் வாங்காமல் போனது, கடைசியில் கேட்டை மூடியது, எல்லாவற்றையும் பார்த்தாள். ஆனால் சோக்கு கம்பெனி என்று நினைத்தால் அவளுக்கு முதலில் வருவது அந்த மதியம்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் வெக்கை, நின்றுபோன மெஷின்கள், விரல் நுனியெல்லாம் செம்பு நிறமாக இருக்கும் பத்துப் பெண்கள், நடுவில் கீரைச்சோறு பிசைந்துகொண்டிருக்கும் ஒரு மேனேஜர். இரண்டாவது சங்கு ஊதியும் அன்று யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.